வாங்காமல் ஆதரிக்க முடியுமா?

"எனக்கு அந்தக் கம்பெனி போற பாதை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அவங்க கன்சோலை இப்போதைக்கு வாங்க மாட்டேன்." நம் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால், ஒருவராவது இப்படிச் சொல்வார். உடனே எதிரில் இருப்பவர், "வாங்காம என்னடா ஆதரவு? சும்மா வாய்ப்பந்தல் போடாதே" என்று மடக்குவார். எல்லாரும் சிரிப்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை என்று நான் நினைக்கிறேன். ஒன்றை ஆதரிப்பது என்றால் என்ன? காசு கொடுத்தால்தான் ஆதரவா? கொடுக்காதவன் சொல்வதெல்லாம் வெறும் பேச்சா? இதற்குப் பதில் தெரியாமலே நாம் பல விஷயங்களுக்கு ஆதரவாளர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு விளையாட்டுப் பெட்டியை வைத்து இதை யோசித்துப் பார்ப்பது எனக்கு எளிதாக இருக்கிறது. பொறியியல் படிக்கிறவன், அதனால் பெட்டியைக் கழற்றித்தான் எனக்குப் புரியும்.

எந்தப் பாதை?

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வால்வ். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை 2003-ல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி. நம்மில் பலர் லேப்டாப்பில் ஆட்டம் வாங்குவது அங்கேதான், விலையும் வெள்ளியிலேயே தெரியும்.

அந்தக் கடை பல வருஷங்களாக விண்டோஸ் என்கிற ஒரே தரையில் நின்றது. தரையோ இன்னொருவருடையது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கடையையும் உள்ளே கொண்டுவந்தது. வால்வ் தலைவர் கேப் நியூவெல் அப்போது வெளிப்படையாகவே அதைக் கடுமையாகச் சாடினார். பிறகு யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் திருத்தக்கூடிய லினக்ஸ் பக்கம் கம்பெனி திரும்பியது. 2015-ல் வேறு வேறு தயாரிப்பாளர்கள் செய்த ஸ்டீம் மெஷின் பெட்டிகள் வந்தன. விற்கவில்லை. லினக்ஸில் ஓடக்கூடிய ஆட்டங்கள் போதவில்லை என்பது முக்கியக் காரணம்.

தோற்ற பிறகு அவர்கள் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. ஆட்டம் செய்பவர்களிடம் "எங்களுக்காக மறுபடி எழுதிக் கொடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. 2018-ல் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆட்டம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும் மொழியில் உடனுக்குடன் மாற்றிச் சொல்லும் துபாஷி அது. 2022-ல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கன்சோல் வந்தது. அதை வாங்கியவர் அதைச் சாதாரணக் கணினியாகவும் பயன்படுத்தலாம். பிடிக்கவில்லையென்றால் விண்டோஸையே அதில் ஏற்றிக்கொள்ளலாம். வெளி ஓட்டின் வரைபடக் கோப்புகளைக் கம்பெனியே பொதுவில் கொடுத்தது. உடைந்தால் மாற்றுவதற்கு உதிரிபாகங்கள் ஐஃபிக்ஸிட் மூலம் விற்பனைக்கு வந்தன. 2025 நவம்பரில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தார்கள். 2026-ல் வரும் என்றார்கள், அறிவித்த அன்று விலையைச் சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொன்னால் பாதை இதுதான்: காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தமாக இருக்கட்டும். திறந்து பார்க்கட்டும், பழுது பார்க்கட்டும், வேறு வேலைக்கும் பயன்படுத்தட்டும். இந்தப் பாதை வெற்றி பெறவேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் அவர்களுடைய எந்தப் பெட்டியும் என்னிடம் இல்லை. அப்படியானால் நான் ஆதரவாளனா, வேடிக்கை பார்க்கிறவனா?

எதிர்வாதம் சும்மா இல்லை

"வாங்காமல் என்ன ஆதரவு" என்று கேட்பவர் பக்கம் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டிரீம்காஸ்ட்.

சேகா கம்பெனி அதை ஜப்பானில் 1998-லும் அமெரிக்காவில் 1999-லும் வெளியிட்டது. வீட்டுக் கன்சோலில் இணையம் வழியாக ஆடுவது பழக்கமில்லாத காலம் அது. அப்போதே மோடத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். புதுமையான ஆட்டங்கள் வந்தன. புகழ்ந்து எழுதாதவர் குறைவு. ஆனால் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது, அதில் டிவிடி படமும் பார்க்கலாம் என்ற செய்தி வந்ததும் நிறைய பேர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று நின்றுவிட்டார்கள். 2001 ஜனவரியில், டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. அதற்குப் பிறகு சேகா புதிய கன்சோல் எதையும் கொண்டுவரவில்லை. டிரீம்காஸ்ட் சுமார் 9 மில்லியன் விற்றது. பிளேஸ்டேஷன் 2 கடைசியில் 150 மில்லியனைத் தாண்டியது.

பொறுத்துப் பார்த்தவர்கள் மட்டும்தான் அதைக் கொன்றார்கள் என்று சொன்னால் நியாயம் ஆகாது. சேகாவுக்கு முந்தைய கன்சோலில் ஏற்பட்ட நஷ்டம் இருந்தது, பெரிய ஆட்டத் தயாரிப்பாளர்கள் சிலர் வரவில்லை, திருட்டுப் பிரதிகளும் புழங்கின. ஆனாலும் ஒரு விஷயம் உண்மை. பொறுத்துப் பார்த்த ஒவ்வொருவரிடமும் நல்ல காரணம் இருந்தது. அந்த நல்ல காரணங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது, அவர்கள் விரும்பிய பொருளே இல்லாமல் போனது. அதன் சுமையை யாரோ ஒருவர் தாங்க வேண்டியிருந்தது. சேகாவின் அப்போதைய தலைவர் இசாவோ ஒக்காவா, கம்பெனி தனக்குத் தரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, தன் பங்குகளையும் கொடுத்துவிட்டு, அதே 2001-ல் காலமானார்.

அதனால் "இன்னும் வாங்கவில்லை" என்பதில் உள்ள "இன்னும்" இலவசம் இல்லை. வாங்காமல் இருப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் விளைவு உண்டு. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே பேச எனக்கு உரிமை இல்லை.

முதலில் வாங்குகிறவர் எதைக் கொடுக்கிறார்?

மறுபக்கத்துக்கு நின்டெண்டோவின் 3டிஎஸ் நல்ல உதாரணம். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் ஏறக்குறைய 250 டாலருக்கு வெளிவந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் விலை ஏறக்குறைய 170 டாலருக்கு இறங்கியது. ஆசையோடு முதல் நாள் வரிசையில் நின்று வாங்கியவர் ஐந்து மாதத்தில் 80 டாலர் ஏமாந்தவர் போல் ஆனார். நின்டெண்டோ அவர்களுக்குப் பழைய ஆட்டங்கள் 20-ஐ இலவசமாகக் கொடுத்தது. தலைவர் சதோரு இவாத்தா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

இதில் எனக்குத் தெரிவது ஒன்று. முதலில் வாங்குகிறவர் கொடுப்பது பொருளின் விலை மட்டும் இல்லை, ஆபத்தில் ஒரு பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார். கம்பெனியே அதைக் கடன் மாதிரி நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தது என்றால் அந்தப் பங்கு உண்மையானதுதானே.

இப்போது கேள்வி மாறுகிறது. அந்த ஆபத்தைச் சுமக்கும் கடமை யாருக்கு? தாங்கக்கூடியவருக்கு. வேலைக்குப் போய் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு அண்ணனுக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் வெள்ளி போனால் ஒரு மாதம் கை இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். என்னைப் போன்ற மாணவனுக்கு அது ஒரு செமஸ்டர் சாப்பாடு. என் கையில் இருக்கும் காசில் பெரும்பகுதி பிடிபிடிஎன் கடன். அது படிப்புக்காகக் கொடுத்த காசு. மிச்சம் அம்மா அனுப்புவது. ஷிப்ட் வேலை, ஓவர்டைம் சேர்த்து அனுப்புகிறார். தம்பி அடுத்த வருஷம் எஸ்பிஎம் எழுதுகிறான், அவனுக்கு டியூஷன் இருக்கிறது. நான் அந்தக் காசில் கன்சோல் வாங்கி, "நான் திறந்த தொழில்நுட்பத்தை ஆதரிக்கிறேன்" என்று சொன்னால், ஆதரித்தது நானா, அம்மாவா?

இப்போது எந்தச் செயலியைத் திறந்தாலும் "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வாங்குவதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி வாங்கிக் காட்டும் ஆதரவு நம்முடையது இல்லை. இன்னும் சம்பாதிக்காத எதிர்கால நம்மிடமிருந்தோ, வீட்டில் இருப்பவரிடமிருந்தோ கேட்காமல் எடுத்தது. அடுத்தவர் கையால் செய்யும் தானத்துக்குப் புண்ணியம் நம் கணக்கில் எப்படி வரும்?

காசு இல்லாத ஆதரவு எங்கே நிற்கிறது?

சரி, காசு கொடுக்க முடியாது. அப்படியென்றால் வாயால் மட்டும் ஆதரிப்பதா? இங்கேதான் வால்வ் விஷயம் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறது.

புரோட்டான் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதன் அடியில் இருப்பது வைன் என்ற மென்பொருள். 1993-ல் தொடங்கியது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டவேண்டும் என்று உலகம் பூராவும் பல பேர், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், வருஷக்கணக்கில் எழுதினார்கள். இன்று ஸ்டீம் டெக் விற்கிறது என்றால் அதில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்கள் எழுதத் தொடங்கியபோது வாங்குவதற்குப் பெட்டியே இல்லை. அவர்களைப் பார்த்து "வாங்காம என்ன ஆதரவு" என்று கேட்க முடியுமா?

நம்மாலும் செய்ய முடிகிற சின்ன வேலைகள் இருக்கின்றன. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்புக்கு ஏற முடியாத பழைய லேப்டாப்கள் நம் வீடுகளில் ஏராளம். அதில் லினக்ஸ் ஏற்றி, ஸ்டீம் வழியாகப் புரோட்டானில் ஆடலாம். எந்த ஆட்டம் ஓடியது, எது நின்றது, என்ன செய்ததும் சரியானது என்று புரோட்டான்டிபி தளத்தில் எழுதலாம். பிழையைக் கண்டால் முறையாகப் புகார் பதியலாம், ஏனென்றால் புரோட்டானின் நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. ஸ்டீம் ஒவ்வொரு மாதமும் பயனர்களின் கணினி வகையைக் கணக்கெடுக்கிறது. 2025-ல் லினக்ஸ் பங்கு 3 சதவிகிதத்தைத் தாண்டியது. ஆட்டம் செய்யும் கம்பெனிகள் பார்க்கும் எண்களில் அதுவும் ஒன்று. நம் பழைய லேப்டாப்பும் அந்த எண்ணில் சேரலாம்.

நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெரிய தியாகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டம் ஏன் திறக்கும்போதே மூடிக்கொள்கிறது என்று பதிவுக் கோப்பைப் படித்து, அதை மற்றவருக்குப் புரிகிற மாதிரி எழுதிப் போட்டால், அடுத்து வருகிறவருக்கு ஒரு மணிநேரம் மிச்சம். தேர் நகரும்போது எல்லாரும் வடம் பிடிப்பதில்லை. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர், வழியை ஒதுக்குகிறவர், தண்ணீர் கொடுக்கிறவர் எல்லாரும் தேர் இழுத்தவர்கள்தான். கைபேசியில் படம் எடுத்துவிட்டு "எங்க ஊர் தேர்" என்று சொல்கிறவர் மட்டும் வேறு.

ஆகவே ஆதரவு உண்மையா என்று பார்க்க நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். ஒன்று, அதற்காக நான் எதையாவது இழக்கிறேனா? காசோ, நேரமோ, சௌகரியமோ. இரண்டு, நான் இழந்தது அந்தப் பாதைக்குப் போய்ச் சேருகிறதா, இல்லை என் பேருக்கு மட்டும் உதவுகிறதா? மூன்று, என் "இன்னும்" என்கிற வார்த்தைக்கு முடிவு இருக்கிறதா?

"இன்னும்" எப்போது பொய்யாகிறது?

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. "வாங்குவேன், ஆனா இப்போ இல்ல" என்று சொல்வது சுலபம். அந்த "இப்போ இல்ல" பத்து வருஷம் நீளலாம். அதற்குள் புது கைபேசி மூன்று வாங்கியிருப்போம். காசில்லை என்று திருட்டுப் பிரதியில் ஆடிக்கொண்டே அந்தக் கம்பெனியின் பாதையைப் புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆதரவு இல்லை, ஆதரவு என்ற பேரில் ஒரு சமாதானம்.

அதனால் நிபந்தனையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. என்னுடையது இப்படி இருக்கிறது. முதலாவது, நான் வேலைக்குப் போய் என் சொந்தச் சம்பளத்தில் வாங்கவேண்டும். இரண்டாவது, இங்கேயே உத்தரவாதத்தோடு கிடைக்கவேண்டும். ஸ்டீம் டெக் முதலில் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, பிரிட்டன் என்றுதான் விற்பனைக்கு வந்தது. இறக்குமதி செய்து விற்பவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கி, கெட்டுப்போனால் யாரிடம் போவது? மூன்றாவது, நண்பர்களோடு ஆடும் ஆட்டம் அதில் ஓடவேண்டும். வாலோரண்ட் போன்ற சில ஆட்டங்கள், அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக, லினக்ஸில் ஓடாது. தனியாக உட்கார்ந்து ஆடுவதற்கு என் லேப்டாப்பே போதும்.

இந்த மூன்றும் நிறைவேறிய பிறகும் நான் வாங்கவில்லை என்றால், ஆதரவாளன் என்ற பேரை நான் விட்டுவிடவேண்டும். "எனக்கு அது பிடிக்கும்" என்று மட்டும் சொல்லலாம். பிடிப்பது வேறு, ஆதரிப்பது வேறு.

பாதையா, கம்பெனியா?

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பாதையை ஆதரிப்பதால் கம்பெனி செய்வதையெல்லாம் ஆசீர்வதிக்க வேண்டியதில்லை.

பெட்டியில் திறந்த மனசு காட்டும் அதே வால்வ், கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்குத் திறக்கவைக்கிறது. 2018-ல் பெல்ஜியம், நெதர்லாந்து அதிகாரிகள் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டக் கண்ணோடு பார்த்ததும் அந்த நாடுகளில் மட்டும் அதை மூடினார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு அது திறந்தே இருந்தது. ஸ்டீமில் நாம் "வாங்கும்" ஆட்டமும் உண்மையில் உரிமம்தான் என்று 2024 முதல் காசு கட்டும் பக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். பெட்டி நமக்குச் சொந்தம், உள்ளே இருக்கும் ஆட்டம் சொந்தமில்லை.

ரசிகனுக்கு இது கண்ணில் படாது, பட்டாலும் பேசமாட்டான். ஆதரவாளன் பேசவேண்டும். அவன் ஆதரிப்பது ஒரு கொள்கையை என்றால், அந்தக் கொள்கையை வைத்தே கம்பெனியையும் அளக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கியவர்களில் சிலருக்கு இதைச் சொல்வது கஷ்டம். வாங்கிய பொருளைக் குறை சொன்னால் தன் தேர்வையே குறை சொன்ன மாதிரி இருக்கும். இன்னும் வாங்காதவனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவனால் தரமுடிந்த ஆதரவில் இதுவும் ஒரு பகுதி.

எல்லாவற்றுக்கும் இதே கணக்கா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் நமக்குச் சாதகமான சாக்காகிவிடும்.

ஸ்டீமில் விற்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும், வழக்கமாக, வால்வ் 30 சதவிகிதம் எடுத்துக்கொள்கிறது. நான் ஒரு பெட்டி வாங்கவில்லையென்றால் அவர்கள் அடுப்பு அணையாது. என்னால் பொறுத்திருக்க முடிகிறது, அவர்களாலும் முடிகிறது. சேகாவால் பொறுத்திருக்க முடியவில்லை. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்து நம் "இன்னும்" என்கிற வார்த்தையின் கனம் மாறுகிறது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். உள்ளூர் எழுத்தாளர் சொந்தக் காசில் சில நூறு பிரதி அச்சடித்து மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் பக்கத்தில் நின்று படம் எடுத்து, "தமிழ் வாழ்க" என்று பதிவு போட்டுவிட்டு, புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து வைத்துவிட்டு வருகிறோம். விலை இரண்டு நாள் தெ தாரிக், ரொட்டிச் சானாய் காசு. அங்கே போய் "பாதையை ஆதரிக்கிறேன், இன்னும் வாங்கவில்லை" என்று நான் சொன்னால் அது செல்லாது. அவருக்குப் பின்னால் கடை இல்லை, கமிஷன் இல்லை. நான் வாங்கும் ஒரு பிரதி அவருக்கு எண்ணத் தெரிகிற ஒன்று. எனக்கும் அதை வாங்கும் வசதி இருக்கிறது.

பெரிய கம்பெனிக்குக் கடன் பட்டாவது முதல் நாளே வாங்குகிறோம், சின்ன மனிதரிடம் பொறுமையாக யோசிக்கிறோம். இது தலைகீழாக இருக்கவேண்டியது. நம்மால் தாங்க முடிகிற விலை, அவர்களால் தாங்க முடியாத தாமதம், இரண்டும் சேரும் இடத்தில் வாங்குவது கடமை ஆகிறது. விலை நமக்குப் பாரம், தாமதம் அவர்களுக்குப் பாரமில்லை என்னும் இடத்தில், வேறு வழியில் உழைத்துக்கொண்டே காத்திருப்பது நேர்மையான ஆதரவுதான்.

அதனால் நண்பர்களே, அடுத்த முறை யாராவது "வாங்காம என்ன ஆதரவு?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். அதற்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள், எப்போது வாங்குவீர்கள் என்று இரண்டு வரியில் பதில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் நீங்கள் ஆதரவாளர். சொல்ல முடியவில்லையென்றால் கேட்டவர் சொன்னது சரி.